முட்டித் தேய்மானத்தோடு பாட்டுக் கச்சேரிக்குப் போவது எப்படி

எனக்கு வயது 53. ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்தில் வீட்டு வாசலிலேயே மெஷின் போட்டு 28 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். வலது முட்டி தேய்ந்துவிட்டது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் காட்டினார்: எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி, உள்பக்கம் ஒரு நூல் அளவுதான் இருந்தது. இடது முட்டியும் அதே வழியில் வந்துகொண்டிருக்கிறது. போதாததற்கு, கூட்டத்துக்குள் சிக்கினால் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

இத்தனையும் வைத்துக்கொண்டு வருடத்துக்கு நாலைந்து கச்சேரிக்குப் போகிறேன். அதுவும் ஒரே மெல்லிசைக் குழுவின் கச்சேரிக்கு. கோயில் திருவிழா, சர்ச் திருவிழா, தர்கா கந்தூரி, எதுவானாலும் சுவரில் அவர்கள் போஸ்டர் ஒட்டியிருந்தால் போதும். குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன், இப்படி ஒரு பைத்தியம் இருப்பது அவர்களுக்கே தெரிய வேண்டாம். கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்த வருடம் முதன்முதலில் கேட்டேன். அன்று பாடிய பெண்ணுக்கு இன்று பேரன் இருக்கிறான். இன்னும் அவர்தான் பாடுகிறார். ரிதம் பேட் என்கிற எலெக்ட்ரானிக் மேளம் வந்து எல்லாக் குழுவிலும் தபேலா காணாமல் போன பிறகும், இவர்களுடைய தபேலாக்காரர் மட்டும் விடாப்பிடியாக உட்கார்ந்து வாசிக்கிறார். நான் போவதில் பாதி அவருக்காக.

"யூடியூப்ல போட்டுத் தர்றேன்மா, படுத்துக்கிட்டே கேளு" என்கிறான் மகன். போனில் தபேலாவின் தட்டு கேட்கும். பக்கத்தில் இடது கையால் வாசிக்கிற பெரிய டக்காவின் கும்கி, அந்த அடித்தொண்டை முழக்கம், கேட்காது. அது மணல் வழியாகப் பாதத்துக்கு ஏறி வர வேண்டும்.

சரி, எப்படிப் போவது என்று சொல்கிறேன்.

முழுக் கச்சேரி ஆசையை விடுங்கள்

ஆறு வருடத்துக்கு முன்னால் ஓர் ஊர்த் திருவிழாவில் நான் செய்தது இது. 7 மணிக் கச்சேரிக்கு 5 மணிக்கே போய் முன்வரிசையில் பாய் விரித்துச் சம்மணம் போட்டேன். கச்சேரி தொடங்கியதே எட்டரைக்கு. பத்து மணிக்கு எழுந்திருக்கப் பார்த்தால் முட்டி மடங்கின இடத்திலேயே பூட்டிக்கொண்டது. இரண்டு பையன்கள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி, நாற்காலியில் உட்கார வைத்து, நாற்காலியோடு என்னை வெளியே கொண்டுவந்தார்கள். சாமி புறப்பாடு என்று யாரோ சிரித்தார்கள். அதற்கப்புறம் மூன்று வாரம் மெஷின் மிதிக்க முடியவில்லை. அப்போதுதான் மெஷினுக்கு மோட்டார் வைத்தேன்.

தவறு உட்கார்ந்ததில் மட்டும் இல்லை, கணக்கில். என் முட்டிக்கு ஒரு ராத்திரியில் இரண்டு மணி நேரம்தான் உண்டு. அந்த இரண்டு மணி நேரத்தை நான் காத்திருப்பதில் செலவழித்துவிட்டேன்.

கச்சேரிக்கு ஒரு வரிசை உண்டு. போஸ்டரில் 7 மணி என்றால் ஏழரை வரைக்கும் மைக் செட்காரர் "ஹலோ, செக், செக்" சொல்வார். எட்டு மணிவாக்கில் பக்திப் பாட்டு இரண்டோ மூன்றோ. அதன்பின் விழாக் கமிட்டி மேடையேறிப் பொன்னாடை போர்த்தும். பிறகுதான் குழு தன் பாட்டுக்கு வரும், பழைய மெலடி எல்லாம் அப்போதுதான். கடைசி அரைமணி நேரம் குத்துப் பாட்டு. பையன்கள் எழுந்து ஆடுவார்கள், மணல் பறக்கும், கூட்டம் முன்னால் நெருக்கும்.

முன்பெல்லாம் விடிய விடிய நடக்கும். இப்போது 2000-இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக அரசு வருடத்தில் 15 நாள் வரைக்கும் 12 மணி வரை தளர்த்தலாம். ஆகவே முதலில் விசாரிக்க வேண்டியது, "எத்தனை மணி வரைக்கும் பெர்மிஷன்?" பத்து மணி என்றால் நான் எட்டேகாலுக்குப் போய்ப் பத்து வரை இருப்பேன். பன்னிரண்டு என்றால் பத்துக்குப் போனால் போதும். தாமதமாகப் போனால் நல்ல இடம் கிடைக்காதே என்பீர்கள். நமக்கு நல்ல இடம் என்பது மற்றவர்களுக்கு வேண்டாத இடம், அதனால் கவலை இல்லை.

நாளையும் பாருங்கள். இங்கே விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். வியாழன், வெள்ளி ராத்திரி என்றால் என் வீட்டுக்காரர் கூட வருவார். மற்ற நாளில் அண்ணன் மகள்தான் துணை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆம்பிளைகள் எல்லாரும் கரையில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது, காசில்லாத பொழுதுபோக்கு கச்சேரிதான். அந்த இரண்டு மாதமும் கூட்டம் ஒரு மடங்கு கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சித்திரை, வைகாசிக் கச்சேரிகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவேன்.

இடம் பிடிப்பது

இதைப் பற்றி நான் ரொம்ப நேரம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்வரிசை நாற்காலி பிரமுகர்களுக்கு. அதற்குப் பின்னால் பாயில் பெண்களும் பிள்ளைகளும். பாய் முடிகிற இடத்தில் ஆண்கள் நிற்பார்கள். பாய்க்கூட்டமும் நிற்கும் கூட்டமும் சந்திக்கிற அந்தக் கோட்டில், ஓர ஓரமாக, வெளியே போகிற பக்கம்தான் என் இடம். நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பின்னால் பாயில் இருப்பவருக்கு மேடை மறைக்கும் அல்லவா? அந்தக் கோட்டில் யாருக்கும் மறைக்காது. நிற்கிறவர்களுக்கு நம் தலை நெஞ்சளவுதான்.

எந்த ஓரம் என்பதைக் காற்று சொல்லும். ஆனி, ஆடியில் இங்கே அடிக்கிற கச்சான் காற்று லேசுப்பட்டதல்ல. பாம்பனில் பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய 2022 வரைக்கும், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிவப்பு விளக்குப் போட்டுவிடுவார்கள். எங்கள் ஊர்ச் சர்ச்சின் சந்தியாகப்பர் திருநாள் ஜூலை 25. அந்தச் சமயத்துக் கச்சேரி எல்லாம் இந்தக் காற்றில்தான். காற்று போகிற பக்கம் உட்கார்ந்தால் சத்தம் வளைந்து தரைக்கு இறங்கி வரும். பாட்டு தூரத்திலும் தெளிவாகக் கேட்கும். காற்று வருகிற பக்கம் உட்கார்ந்தால் சத்தம் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போய்விடும், பாட்டு விட்டு விட்டுத்தான் வரும். ஆகவே போனவுடன் மேடைக் கொடியைப் பாருங்கள். கொடி எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்க ஓரம். ஒன்றே ஒன்று, ஜெனரேட்டரும் அந்தப் பக்கம் இருந்தால் புகையும் நமக்குத்தான் வரும். அப்போது எதிர்ப்பக்கம் போய்ப் பாட்டில் கொஞ்சம் இழந்தாலும் பரவாயில்லை.

ஸ்பீக்கர் பாக்ஸுக்கு எதிரே உட்காராதீர்கள். அண்ணன் மகள் போனில் சத்தத்தை டெசிபல் கணக்கில் அளக்கிற ஆப் வைத்திருக்கிறாள். பாக்ஸிலிருந்து பத்தடி தூரத்தில் 102 காட்டியது. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும் என்றாள். நாற்பதடிக்கு நடந்து போய்ப் பார்த்தோம், 90. இந்த வித்தியாசம் சின்னதில்லை. 100 டெசிபலில் காது தாங்குவது கால்மணி நேரம்தான் என்கிறார்கள், 85 என்றால் எட்டு மணி நேரம். பஞ்சு வைத்தால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். பஞ்சு பெரிதாக ஒன்றும் தடுக்காது. மருந்துக்கடையில் மெத்தென்ற நுரை அடைப்பான் கிடைக்கும், உருட்டிக் காதுக்குள் விட்டால் விரிந்துகொள்ளும். வைத்த பிறகும் பாட்டு கேட்கிறது, இரைச்சல்தான் போகிறது.

நாற்காலி

வாடகை பிளாஸ்டிக் நாற்காலியைக் கடற்கரை மணலில் போட்டால் ஒரு பாட்டுக்குள் பின்கால் இறங்கிவிடும். இடுப்பு கீழே, முட்டி மேலே. முட்டி இடுப்பைவிட உயரத்தில் இருந்தால் எழுந்திருக்கும்போது உயிர் போகும். நான் மடக்கு ஸ்டூல் கொண்டுபோகிறேன். உயரம் 18 அங்குலம், கால்களைச் சேர்த்துக் குறுக்குக் கம்பி இருக்கிறது, அதனால் மணலில் இறங்காது. ஸ்டூல் இல்லையென்றால் நாற்காலியின் நாலு காலுக்கும் அடியில் பனைமட்டைத் துண்டு வையுங்கள். இந்தக் கரையில் பனைமட்டைக்கா பஞ்சம்.

உட்கார்ந்தே இருக்காதீர்கள். இரண்டு பாட்டுக்கு ஒரு தடவை காலை நீட்டி, பாதத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மூன்றாவது பாட்டில் எழுந்து நில்லுங்கள். எழும்போது: முதலில் இருக்கையின் விளிம்புக்கு நகர வேண்டும், பாதத்தைக் கொஞ்சம் உள்ளே இழுக்க வேண்டும், மூக்கு கால்விரலுக்கு நேராக வருகிற அளவுக்கு முன்னால் சாய வேண்டும், அப்புறம் கையை ஊன்றி எழ வேண்டும். பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண் இதை என்னிடம் இருபது தடவை செய்ய வைத்தாள். நேராக எழுந்தால் எடை முழுவதும் முட்டியில். சாய்ந்து எழுந்தால் தொடையும் வாங்கிக்கொள்கிறது.

ஊன்றுகோல் வைத்திருப்பவர்கள் அதன் அடியில் அகலமான ரப்பர் புஷ் போட்டுக்கொள்ளுங்கள். சின்ன புஷ் மணலில் ஊசி மாதிரி இறங்கும்.

தண்ணீரும் அதற்குப் பின் வருவதும்

பெண்கள் கச்சேரிக்கு வராமல் இருப்பதற்குக் காரணம் கேட்டால் கால்வலி, இடுப்புவலி என்பார்கள். பாதிப்பேருக்கு உண்மையான காரணம் கழிவறை. மாலை மூன்று மணியிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் காய்ந்து வந்து உட்காருவார்கள். இந்த உப்புக்காற்றின் புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டி, கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மறுநாள் நீர்க்கடுப்பு.

எனக்கு ஒரு வசதி உண்டு. பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் ஏதாவது ஒரு தெருவில் நான் ஜாக்கெட் தைத்துக்கொடுத்த வீடு ஒன்று இருக்கும். பகலிலேயே போன் போட்டு, "அக்கா, ராத்திரி கச்சேரிக்கு வாரேன், ஒரு தடவை உங்க வீட்டுக்கு வருவேன்" என்று சொல்லிவிடுவேன். உங்களுக்கு அப்படி யாரும் இல்லையென்றாலும் வெளிச்சம் இருக்கும்போதே மேடைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் கேட்டுப்பாருங்கள். பகலில் முகம் பார்த்துக் கேட்டவர்களுக்கு ராத்திரி கதவு திறக்கும். இதுவரை எனக்கு ஒருவரும் இல்லை என்றதில்லை.

போக வேண்டிய நேரம் பொன்னாடை நேரம். கமிட்டித் தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், முன்னாள் தலைவர், இந்நாள் கவுன்சிலர், அன்பளிப்புக் கொடுத்தவர், அன்பளிப்புக் கொடுத்தவரின் மைத்துனர். எப்படியும் இருபது நிமிடம். எனக்கு அந்த இருபது நிமிடத்தின் மேல் ஒரு காலத்தில் கோபம் இருந்தது. இப்போது அதை நம்பித்தான் தண்ணீர் குடிக்கிறேன்.

மாத்திரை

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் சட்டம். நான் சாப்பிட்டுவிட்டு, கிளம்புவதற்கு அரைமணி முன்னால் பாராசிட்டமால் 650 ஒன்று போடுவேன். முட்டியில் எலாஸ்டிக் உறை மாட்டிக்கொள்வேன். அவ்வளவுதான். ஒரு வருடம் வீரமாக டைக்ளோஃபெனாக் இரண்டு போட்டுக்கொண்டு போனேன். வலியே இல்லை, குத்துப் பாட்டுக்கு எழுந்து நின்று கைதட்டினேன். மறுநாள் வயிறு எரிந்து, முட்டி வீங்கி, பிரஷர் ஏறி, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிரஷர், கிட்னித் தொல்லை, வயிற்றுப்புண் உள்ளவர்கள் அந்த வகை மாத்திரையைக் கேட்காமல் தொடவே கூடாது. வலி தெரியாத முட்டி எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லாது, அதுவும் ஒரு பிரச்சினை.

கூட்டம்

என் கட்டிங் மேசை சரியாக ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். அந்த மேசை அளவுத் தரையில் நாலு பேர் நின்றால் நெருக்கம். ஐந்தைத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. எண்ணிப் பார்க்க முடியாது என்றால் வேறு அடையாளம்: நாலு பக்கமும் தோள் இடிக்கிறது, கையை நெஞ்சுவரை தூக்க இடமில்லை என்றால், எவ்வளவு நல்ல பாட்டு ஓடினாலும் அங்கிருந்து கிளம்ப வேண்டும். நெரிசலில் சாகிறவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டுச் சாவதில்லை. நின்றபடியே நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு அடைத்துப் போகிறார்கள்.

சிக்கிக்கொண்டால் துணி பேலை நெஞ்சோடு அணைப்பது போல இரண்டு முன்கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், மூச்சுக்கு இடம் கிடைக்கும். கூட்டத்தை எதிர்த்துத் தள்ள வேண்டாம், அலையை யாரும் தள்ள முடியாது. தள்ளு ஒன்று வந்து அடங்கும், அடங்குகிற நேரத்தில் கோணலாக ஓரத்தை நோக்கி இரண்டடி. அடுத்த தள்ளு, மறுபடி இரண்டடி. செருப்பு கழன்றால் போகட்டும், குனியாதீர்கள். சவுக்குக் கட்டைத் தடுப்புக்கும் கூட்டத்துக்கும் நடுவில் மட்டும் நிற்கவே கூடாது.

படபடப்பு வந்தால் நான் செய்வது ஒன்று: மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவேன். ஆறு எண்ணிக்கையும் தபேலாவின் தாளத்தோடு போகும். பத்துப் பதினைந்து மூச்சில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் அண்ணன் மகளின் முந்தானையை இரண்டு தடவை இழுப்பேன். "அத்தை, கெளம்பலாமா?" என்று கேட்க மாட்டாள், ஸ்டூலை மடக்கிவிடுவாள். முன்னாலேயே பேசி வைத்தது அது. சந்திக்க ஓர் இடமும் பேசி வையுங்கள். கூட்டத்தில் போன் எடுக்காது. நாங்கள் தண்ணீர்த்தொட்டி அடியைச் சொல்லி வைப்போம்.

திரும்புவது

கடைசிப் பேருந்தை நம்பாதீர்கள். ஆட்டோ தம்பியிடம் காலையிலேயே சொல்லிவிட வேண்டும், அதுவும் மேடை வாசலுக்கு வராதே, மெயின் ரோட்டில் வீட்டுப் பக்கம் முகம் பார்த்து நில் என்று. வாசலுக்கு வந்த ஆட்டோ முக்கால் மணி நேரம் திரும்ப முடியாது.

கிளம்புவதற்கு இரண்டு நேரம்தான் உண்டு: குத்துப் பாட்டு தொடங்குவதற்கு முன்னால், இல்லையென்றால் எல்லாம் முடிந்து இருபது நிமிடம் கழித்து. நடுவில் எழுந்தால் ஊர் முழுக்க நம் முட்டி மேல்தான் நடக்கும். முன்பு முதலாவதைச் செய்துகொண்டிருந்தேன். இப்போது இரண்டாவது.

அந்த இருபது நிமிடத்தில் வேறொரு கச்சேரி நடக்கிறது. மைக் செட் பையன்கள் வயரை முழங்கையில் சுற்றுவார்கள். பாடகி சேரை இழுத்துப் போட்டு வெந்நீர் குடிப்பார். கீபோர்டுகாரர் பார்சல் பரோட்டாவைப் பிரிப்பார். போன ஆடியில் அப்படி உட்கார்ந்திருந்தபோது தபேலாக்காரர் டக்காவை ஒரு பழைய போர்வையில் சுற்றிச் சணல்கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். உறை கிழிந்து வருடமாகிவிட்டதாம். கைப்பையில் டேப் எப்போதும் இருக்கும். கேட்டுவிட்டு அளவு எடுத்தேன். தபேலா வாய் ஐந்தரை அங்குலம், டக்கா ஒன்பது. உள்ளே மெத்தை வைக்க இரண்டுக்கும் ஓர் அங்குலம் கூட.

"எவ்வளவுக்கா ஆகும்?" என்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னை அக்கா என்கிறார்.

தைத்துக்கொண்டு வருகிறேன், பார்க்கலாம் என்றேன். அடுத்த கச்சேரி உச்சிப்புளி பக்கம், ஒரு வெள்ளிக்கிழமை. துணி வெட்டிவிட்டேன், ஜிப் வாங்க வேண்டும். வீட்டுக்காரர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். முட்டிதான் இன்னும் பதில் சொல்லவில்லை.